கலிபோர்னியாவில் வீட்டைச் சீரமைக்க உரிமம் பெற்ற கான்ட்ராக்டரை அமர்த்துவது எப்படி?

சுவரை இடித்த ஒன்பதாம் நாள், தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அனுப்பியது ஒரு மரக்கடை. அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் வீட்டு வேலைக்கு அவர்கள் மரம் கொடுத்திருக்கிறார்களாம். அதற்கான பணம் அவர்களுக்கு வந்து சேராவிட்டால், நான் கான்ட்ராக்டருக்கு முழுத் தொகையையும் கொடுத்து முடித்திருந்தால்கூட, என் வீட்டின் மீது அவர்கள் உரிமை கோரலாமாம். கேட்ட தேதியில் கேட்ட பணத்தைக் கொடுத்துவந்தவன் நான். யாரோ ஒரு மரக்கடையின் பாக்கிக்கு என் வீடு எப்படி ஈடாகும்?

ஈடாகும். கலிபோர்னியாச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அந்த உறை வந்த இரவு தொடங்கிப் படித்ததையும், பிறகு ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் நண்பர்களின் வீட்டு வேலைகளில் கூட நின்று பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சாஸில் பொதுக் கான்ட்ராக்டருக்கு மாநில உரிமமே கிடையாது. ஆகவே இங்கே வரும் தொகைகளும் நாள் கணக்குகளும் கலிபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும்.

உரிமம் எதற்குப் பயன்படும்?

1929 முதல் இங்கே கான்ட்ராக்டர்களுக்கு உரிமம் தருவது மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம். சி.எஸ்.எல்.பி. என்ற நான்கெழுத்தில்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். உரிமம் கேட்பவர் கடந்த 10 ஆண்டுகளில் குறைந்தது 4 ஆண்டுகள் அந்தத் தொழிலில் தேர்ந்த கைவினைஞராகவோ அதற்கு மேற்பட்ட பொறுப்பிலோ இருந்திருக்க வேண்டும். பொதுவாகச் சட்டத்திலும் தொழிலிலும் தனித்தனித் தேர்வு எழுத வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், 25,000 டாலருக்கு பாண்டு, அதாவது பிணை, வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் இருப்பதால் ஓடு (டைல்) நேராகப் பதிந்துவிடும் என்று அர்த்தமில்லை. உரிமம் வைத்திருப்பவர்களிலும் சொதப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் சொதப்பினால், அவருடைய பிழைப்பையே நிறுத்தும் அதிகாரமுள்ள ஓர் இடத்தில் நீங்கள் போய் முறையிடலாம். உரிமமில்லாதவரிடம் உங்களுக்கு அந்தப் பிடி இல்லை. இன்னொரு பக்கம், உரிமம் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தவர் கூலி கேட்டு உங்கள் மீது வழக்குப் போட முடியாது. நீங்கள் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்கலாம் என்று வணிக, தொழில் சட்டத்தின் 7031ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டவரிடம் எந்தப் பிரிவைக் காட்டுவது?

உரிமம் தேவைப்படாத சின்ன வேலைகளும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல், கூலியும் பொருளும் சேர்ந்து 1,000 டாலருக்குள் அடங்கி, பெர்மிட் (நகராட்சியின் கட்டட அனுமதி) தேவைப்படாமல், உதவிக்கு ஆள் வைக்காமல் செய்யும் வேலைக்கு உரிமம் வேண்டாம். அதற்கு முன் இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. 9,000 டாலர் வேலையைப் பத்துத் துண்டாக நறுக்கி ரசீது தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், சட்டம் அதை ஒரே வேலையாகத்தான் பார்க்கும்.

வகைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வேலைக்குப் பொதுவாக வேண்டியது ‘பி’ வகை. தச்சுவேலை நீங்கலாக, தொடர்பில்லாத இரண்டு தொழில்களாவது சேர்ந்திருக்கும் வேலையை அவர் எடுக்கலாம். சமையலறையைப் புதுப்பிப்பதில் குழாய், மின்சாரம், ஓடு எல்லாம் வருவதால் அது ‘பி’ வகைக்காரரின் வேலை. கூரை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் சி-39, மின்சாரம் மட்டும் என்றால் சி-10, குழாய் வேலை மட்டும் என்றால் சி-36. சில ஆண்டுகளுக்கு முன் ‘பி-2’ என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் புதுப்பிப்பதற்கானது அது. பளு தாங்கும் சுவரில் அவர் கை வைக்கக் கூடாது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாம் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் வரும் ஆசை. அந்தச் சுவர் பளு தாங்குவதாக இருந்தால் ‘பி-2’ போதாது.

முதலில் எழுதுங்கள், பிறகு அழையுங்கள்

கான்ட்ராக்டரை வரவழைத்துவிட்டு, அவர் முன்னால் நின்று “இங்கே ஒரு அலமாரி வந்தால் நன்றாக இருக்கும், இல்லையா?” என்று மனைவியிடம் கேட்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என் வீடும் அப்படி இருந்ததுதான். மூன்று பேரிடம் மூன்று விதமாகப் பேசினால் மூன்று வேறு வேலைகளுக்கு விலை வரும். எந்தத் தொகை மலிவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு பக்கம் போதும். எதை இடிக்க வேண்டும், எது அப்படியே இருக்க வேண்டும், எந்தப் பொருளை நீங்கள் வாங்கித் தருவீர்கள், எதை அவர் வாங்க வேண்டும், குப்பையை யார் அகற்றுவது, பெர்மிட் கட்டணம் யாருடையது என்று எழுதுங்கள். நம் சமையலுக்கே உரிய சில வரிகளையும் சேர்க்க வேண்டும். தாளிக்கும் புகை வெளியேற அடுப்புக்கு மேல் புகைபோக்கி வேண்டும். காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை வேண்டாம், குழாய் வழியாக வெளியே தள்ளும் வகைதான் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். “ஹூட் போட்டுத் தருகிறேன்” என்று சொல்பவர் மனத்தில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டருக்கு 240 வோல்ட் இணைப்பு வேண்டுமென்றால் அதையும் இப்போதே எழுதுங்கள். சுவரை மூடிய பிறகு கேட்டால் அது வேறு விலை.

வீடு 1978-க்கு முன் கட்டியதா என்றும் பாருங்கள். எங்களுடையது 1963. அத்தகைய வீடுகளின் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதைக் கிளறும் வேலையைச் செய்யும் நிறுவனத்துக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைப்பின் சான்று வேண்டும். கூரையின் உட்புறத்தில் சோளப்பொரி போல அப்பியிருக்கும் பழைய பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சுரண்டுவதற்கு முன் ஒரு துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைப் பற்றி இரண்டாவது யோசனையே வேண்டாம்.

உரிம எண்ணைத் தேடும்போது எங்கே பார்ப்பது

நண்பர்களிடம் மூன்று நான்கு பெயர்கள் வாங்குங்கள். கோயிலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கிடைக்கும் பெயர்களில் தப்பில்லை. ஆனால் “நம்ம ஆள், தங்கமானவர்” என்று சொல்கிறவரிடம், வேலை முடிந்து எத்தனை மழைக்காலம் ஆனது என்று ஒரு கேள்வி கேளுங்கள். குளியலறை ஒழுகுகிறதா இல்லையா என்று முதல் மாதத்தில் தெரியாது.

பெயர் கிடைத்ததும் வாரியத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். விளம்பரம், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். எண் இல்லாத துண்டுப் பிரசுரத்தை அப்படியே குப்பையில் போடலாம்.

பெரும்பாலோர் ‘உரிமம் நடப்பில் உள்ளது’ என்ற முதல் வரியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். சங்கதி அதற்குக் கீழேதான் இருக்கிறது.

உரிமம் முதலில் தரப்பட்ட தேதியைப் பாருங்கள். “இருபது வருட அனுபவம்” என்று சொன்னவரின் உரிமம் சென்ற ஆண்டு எடுத்ததாக இருந்தால், மீதிப் பத்தொன்பது வருடம் யாரிடம், எங்கே வேலை பார்த்தார் என்று கேளுங்கள். நல்ல பதிலும் இருக்கலாம்.

பாண்டு 25,000 டாலர் என்று இருக்கும். 2023-க்கு முன் அது 15,000. உங்கள் வேலைக்கு மட்டும் ஒதுக்கிய தொகை என்று அதை எண்ணிவிடாதீர்கள். அந்தக் கான்ட்ராக்டரால் பாதிக்கப்பட்ட எல்லோரும் பங்குபோட வேண்டிய ஒரே பானை அது. ஐந்து வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் போய் நின்றால் ஆளுக்கு ஒரு கரண்டிதான்.

அடுத்தது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. எனக்கு இதுதான் பக்கத்திலேயே முக்கியமான வரி. தனக்குக் கீழே ஊழியர் யாருமில்லை என்று எழுதிக் கொடுத்து, இந்தக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கியிருப்பவர்கள் நிறைய. 2028 முதல் எல்லாரும் இதை எடுத்தாக வேண்டும். கூரை வேலை, காங்கிரீட், குளிரூட்டி போன்ற சில பிரிவினருக்கு இப்போதே கட்டாயம். ஊழியர் இல்லை என்று அரசிடம் சொன்னவர் காலையில் நான்கு ஆட்களோடு வந்து இறங்கினால் என்ன பொருள்? அவர்கள் காப்பீடு உள்ள துணைக் கான்ட்ராக்டரின் ஆட்களாக இருக்கலாம். அப்படியில்லாவிட்டால், ஏணியிலிருந்து ஒருவர் விழும் நாளில் அந்த மருத்துவச் செலவு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பொதுப் பொறுப்புக் காப்பீடு வேறு. குழாய் உடைந்து அண்டைவீட்டுச் சுவர் நனைந்தால் உதவுவது அது. உரிமம் வைத்திருக்க அது பொதுவாகக் கட்டாயமில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இருக்கிறது என்று அவர் சொன்னால், அவருடைய காப்பீட்டு முகவரிடமிருந்தே சான்று உங்களுக்கு நேராக வரட்டும். அவர் கைப்பேசியில் காட்டும் படத்தில் காலாவதித் தேதி தெரியாது.

கடைசியாக, உரிமத்துக்குத் தகுதி தந்தவர் யார் என்ற பட்டியல். தேர்வு எழுதியவர் ஒருவர், உங்களிடம் பேசுகிறவர் வேறொருவர் என்றால், எழுதியவரைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உரிமத்தை வாடகைக்கு விடும் பழக்கம் இங்கும் உண்டு. மாதாமாதம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் தந்துவிட்டு, வேலை நடக்கும் இடத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். நேரில் வரும்போது வாரியம் தந்த சட்டைப்பை அட்டையையும் ஓட்டுநர் உரிமத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பேசுகிறவர் நிறுவனத்தின் விற்பனையாளர் என்றால், அவரும் வாரியத்தில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும்.

மூன்று மதிப்பீடுகள்

எங்கள் சமையலறைக்கும் ஒரு குளியலறைக்கும் 61,000, 84,000, 92,000 என்று மூன்று வந்தன. 61,000 ஒரே பக்கம். மற்ற இரண்டும் ஏழெட்டுப் பக்கம். குறைந்த தொகையைப் பார்த்ததும் ஒரு வாரம் மனம் குதித்தது உண்மை. பிறகு உட்கார்ந்து என் இரண்டு பக்கப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். மின்பெட்டி மாற்றுவது அதில் இல்லை. பெர்மிட் இல்லை. கல் மேடைக்கு ‘ஒதுக்கீடு 1,500’ என்று ஒரு வரி.

இந்த ஒதுக்கீடு என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். பொருளை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், அதற்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதற்கு மேல் போனால் கூடுதல் உங்களுடையது. தொகையைக் குறைத்துக் காட்ட வேண்டுமானால் ஒதுக்கீடுகளைக் குறைத்தால் போதும். கடைக்குப் போய் நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் கல், ஓடு, குழாய் விலையை எழுதிக்கொண்டு வந்து, மூன்று மதிப்பீடுகளிலும் அதே எண்ணைப் போட்டுப் பாருங்கள். எங்கள் 61,000 அப்படிப் போட்டபோது எண்பதைத் தாண்டியது.

நாங்கள் நடுவில் இருந்தவரைத் தேர்ந்தெடுத்தோம். விலைக்காக மட்டும் அல்ல. பழைய வீட்டுக்காரர்களின் எண்கள் கேட்டபோது ஐந்தாறு கொடுத்தார், அதில் ஒன்று தகராறு நடந்த வேலை. “அவரிடமும் கேளுங்கள், அவர் பக்கம் வேறு மாதிரி சொல்வார்” என்றார். கேட்டேன். ஓடு இரண்டு முறை பெயர்த்துப் போட்டதாகவும், இரண்டாவது முறைக்குப் பணம் வாங்கவில்லை என்றும் அந்த அம்மாள் கோபம் குறையாமலே சொன்னார்.

ஒப்பந்தம்

வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்று அதே வணிக, தொழில் சட்டத்தின் 7159ஆம் பிரிவு நீளமாகச் சொல்கிறது. வாங்கிப் படிக்கும்போது இவை இருக்கின்றனவா பாருங்கள்: உரிம எண், செய்யப்போகும் வேலையின் விவரம், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உத்தேசமாக, மொத்தத் தொகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு டாலர் என்ற பட்டியல், காப்பீட்டு விவரம், லீன் (பாக்கிக்காக வீட்டின் மீது பதியும் உரிமை) பற்றிய எச்சரிக்கை, ரத்துசெய்யும் உரிமை பற்றிய அறிவிப்பு. வேலை தொடங்கும் முன் இருவரும் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருக்கும் நிறுவனப் பெயரும், வாரியப் பதிவில் இருக்கும் பெயரும், காசோலை எழுதச் சொல்லும் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். “மைத்துனர் பெயரில் போட்டுவிடுங்கள், வங்கிக் கணக்கில் ஒரு சிக்கல்” என்றால் சிக்கல் வங்கியில் இல்லை.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்துசெய்யலாம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கையெழுத்திட்டிருந்தால் ஐந்து வேலை நாள். “இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடி” என்று அவசரப்படுத்தி வாங்கிய கையெழுத்துக்கு இந்த விதி நல்ல மருந்து.

வேலை நடுவே மாற்றம் வராமல் இருக்காது. எங்கள் குளியலறைச் சுவரைத் திறந்தபோது உள்ளே அறுபதுகளின் இரும்புக் குழாய். அதில் ஒரு துண்டை வெட்டிக் கையில் கொடுத்தார்கள். வெளியே முக்கால் அங்குலம், உள்ளே துரு வளர்ந்து வளர்ந்து பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மேல்மாடியில் குளிக்கும்போது ஏன் தண்ணீர் சொட்டியது என்று அன்றுதான் புரிந்தது. மாற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் “செய்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லாதீர்கள். என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கூடும் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே அந்த வேலை தொடங்க வேண்டும். சேஞ்ச் ஆர்டர் என்பது அதுதான். அரைப் பக்கத் தாள். வீட்டுக்காரருக்கும் கான்ட்ராக்டருக்கும் கடைசியில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த அரைப் பக்கம் இல்லாததால் வருபவை என்பது என் எண்ணம்.

பணம்

முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் பத்து சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. 84,000 டாலர் வேலைக்கும் 1,000தான். அலமாரிகள் முன்கூட்டியே செய்யக் கொடுக்க வேண்டும், கல் இத்தாலியிலிருந்து வர வேண்டும் என்ற காரணங்களுக்கெல்லாம் விதிவிலக்கு இல்லை. வாரியத்திடம் தனி வகைப் பெரிய பாண்டு வைத்திருக்கும் மிகச் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அது இணையப் பக்கத்திலேயே தெரியும். இது வீட்டுச் சீரமைப்புக்கான விதி. இதைச் சொன்னபோது, எங்கள் பட்டியலில் முதலில் இருந்தவர் சிரித்துவிட்டு, “இங்கே எல்லோரும் முப்பது சதவீதம்தான் வாங்குகிறார்கள்” என்றார். அவரோடு பேச்சு அங்கேயே முடிந்தது. சட்டத்தின் மிக எளிய விதியையே மீறுகிறவர், சுவருக்குள் மறையும் விதிகளை என்ன செய்வார்?

முன்பணத்துக்குப் பிறகும், நடந்த வேலைக்கும் வந்து இறங்கிய பொருளுக்கும் மேல் அவர் கேட்கக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. 1987-இல் திருநெல்வேலியில் வீடு கட்டியபோது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கொத்தனாரை அருகில் வைத்துக்கொண்டு செங்கல் வரிசையை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகே கூலிப் பையைத் திறப்பார். தொலைபேசியில் இந்த விதியைச் சொன்னேன். “இதற்குச் சட்டம் வேறு போட்டிருக்கிறார்களா?” என்று கேட்டார்.

எங்கள் பணப் பட்டியல் இப்படி இருந்தது. கையெழுத்தின்போது 1,000. இடித்துக் குப்பை அகற்றியதும் 8,000. சுவருக்குள் போகும் குழாய், மின்கம்பி வேலை முடிந்து நகராட்சி ஆய்வில் தேறியதும் 22,000. சுவரை ட்ரைவால் எனும் ஜிப்சம் பலகையால் மூடியதும் 14,000. அலமாரிகள் பொருத்தியதும் 19,000. கல் மேடையும் ஓடும் முடிந்ததும் 11,000. இறுதி ஆய்வில் தேறி, குறைப் பட்டியலும் தீர்ந்ததும் 9,000. ‘இரண்டாம் வாரம்’, ‘நான்காம் வாரம்’ என்று தவணையைத் தேதியோடு சேர்க்காதீர்கள். வாரம் தானாகவே வந்துவிடும், வேலை வராது. கடைசித் தொகை, அவர் திரும்பி வர வேண்டிய அளவுக்காவது பெரியதாக இருக்கட்டும். 500 டாலருக்காக யாரும் கோணலான கைப்பிடியைச் சரிசெய்ய வர மாட்டார்கள். ரொக்கமாக எதையும் கொடுக்காதீர்கள்.

பெர்மிட்டும் ஆய்வும்

பெர்மிட்டைக் கான்ட்ராக்டர் தன் உரிம எண்ணில் வாங்க வேண்டும். “நீங்களே வீட்டுக்காரர் பெயரில் எடுத்துவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்” என்ற ஆலோசனையை ஏற்றால், கட்டடக்காரர் நீங்களாகிவிடுகிறீர்கள். ஆட்களுக்கு முதலாளி என்ற பொறுப்பும் அதனுடன் வரலாம். பெரும்பாலும், உரிமத்தில் ஏதோ கோளாறு இருப்பவர்தான் இதைக் கேட்பார்.

ஆய்வாளர் வரும் நாள்களில் வீட்டில் இருங்கள். சுவரை மூடுவதற்கு முந்தைய ஆய்வுதான் முக்கியமானது. அதற்கு முதல் நாள் மாலை ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்துவிட்டேன். ஓராண்டு கழித்து அலமாரி மாட்டத் துளை போட்டபோது குழாய் எங்கே போகிறது என்று அந்தப் படங்கள்தான் சொல்லின. ஆய்வு அட்டையில் கையெழுத்து விழும் முன் ட்ரைவால் ஏறினால், அதைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு. ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவு எங்கள் ஊரின் குறுக்கே போகிறது. சுவரை எடுத்த இடத்தில் உத்தரம் எந்தத் தூணில் உட்கார்ந்திருக்கிறது என்று வேறொருவரும் பார்த்துச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த மரக்கடை உறைக்கு வருவோம்

உங்கள் வீட்டில் வேலை செய்த துணைக் கான்ட்ராக்டருக்கோ, பொருள் தந்த கடைக்கோ பணம் போய்ச் சேராவிட்டால், அவர்கள் வீட்டின் மீது லீன் பதிவு செய்யலாம். உங்களோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர்கள் அந்த உரிமையைக் காத்துக்கொள்ள, வேலை அல்லது பொருள் தரத் தொடங்கிய 20 நாட்களுக்குள் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். எனக்கு வந்தது அதுதான். மிரட்டல் இல்லை, வழக்கமான தாள். ஒழுங்கான கடைகள் எல்லா வேலைக்கும் அனுப்பும். அதை அன்றே கோப்பில் வையுங்கள். உங்கள் வேலையில் யாருக்கெல்லாம் பணம் போக வேண்டும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பட்டியல் அதுதான்.

ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும், கான்ட்ராக்டரிடமிருந்தும் முன்னறிவிப்பு அனுப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் லீன் விடுவிப்புத் தாள் வாங்குங்கள். சட்டமே வாசகத்தை வகுத்துத் தந்திருக்கும் நான்கு படிவங்கள் இருக்கின்றன. இடைத் தவணைக்கு இரண்டு, கடைசித் தவணைக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் நிபந்தனை உள்ளது ஒன்று, நிபந்தனையற்றது ஒன்று. நிபந்தனை உள்ளது, காசோலை செல்லுபடியானால்தான் நடப்புக்கு வரும். நிபந்தனையற்றது, பணம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது. இந்தத் தவணைக்கு நிபந்தனை உள்ளதை வாங்கிக்கொண்டு காசோலை கொடுங்கள். அடுத்த தவணைக்கு முன் அதன் நிபந்தனையற்ற தாளைக் கேளுங்கள்.

எங்கள் விஷயத்தில், 22,000 கொடுத்த பிறகும் மரக்கடையின் நிபந்தனையற்ற தாள் வரவில்லை. கடையைக் கூப்பிட்டேன். கணக்குப் பார்க்கும் பெண்மணி ஆறாயிரத்துச் சொச்சம் பாக்கி என்று சாதாரணமாகச் சொன்னார். கான்ட்ராக்டரிடம் கேட்டபோது, வேறொரு வீட்டிலிருந்து பணம் வரத் தாமதம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் பணம் இன்னொருவர் வீட்டுக் கூரைக்குப் போயிருந்தது. கத்தவில்லை. அடுத்த தவணையில் அந்தத் தொகைக்குக் கான்ட்ராக்டர், மரக்கடை இருவர் பெயரையும் சேர்த்து ஒரே காசோலை எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டால்தான் பணமாகும். மூன்று நாளில் தாள் வந்தது.

வேலை முடிந்த 15 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் நிறைவு அறிவிப்பு ஒன்றைப் பதிந்துவிடுவது நல்லது. பதியாவிட்டால் லீன் போட எல்லோருக்கும் 90 நாள். பதிந்தால் நேரடிக் கான்ட்ராக்டருக்கு 60, மற்றவர்களுக்கு 30. லீன் பதிந்தவரும் 90 நாட்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் அது செல்லாது.

முடிக்கும் வாரம்

பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கெல்லாம் போட்டு இரவில் ஒரு முறை வீட்டைச் சுற்றி வந்து குறைப் பட்டியல் எழுதுங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். அடுப்பில் கடுகு தாளித்துப் பார்த்தோம். புகை வெளியே போகிறதா என்று மகள் தோட்டத்தில் நின்று மணம் பிடித்தாள். பட்டியல் தீர்ந்து, இறுதி ஆய்வில் கையெழுத்து விழுந்து, கடைசி விடுவிப்புத் தாள்கள் எல்லாம் வந்த பிறகு 9,000-க்குக் காசோலை எழுதினேன்.

ஏதாவது கெட்டுப்போனால் முதலில் கான்ட்ராக்டருக்கே எழுத்தில் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் வாரியத்திடம் முறையிட நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. வெளியே தெரியாத கட்டுமானக் குறைக்கு இந்தக் காலம் இன்னும் நீளும். 12,500 டாலர் வரையான கோரிக்கைகளுக்கு வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஒப்பந்தம், சேஞ்ச் ஆர்டர்கள், முன்னறிவிப்புகள், விடுவிப்புத் தாள்கள், சுவர்ப் படங்கள், ஆய்வு அட்டை எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பழைய தீபாவளி இனிப்பு டப்பாவில் இருக்கின்றன. என்றாவது வீட்டை விற்கும்போது, பெர்மிட் இல்லாமல் செய்த வேலை ஏதாவது உண்டா என்று வெளிப்படுத்தும் படிவம் கேட்கும். அன்றைக்கு அந்த டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கும்.